ஒர்க்ஸ்டேஷனை முழுசாக வேலை வாங்குவது எப்படி: கொங்குப் பட்டறைகளுக்கும் டிசைன் அறைகளுக்கும்

பம்பு அசெம்ப்ளியைத் திறந்து இம்பெல்லரில் ஒரே ஒரு அளவை மாற்றுகிறீர்கள். திரை அப்படியே நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் 4, 5 சதவீதம்தான் ஓடுகிறது. மெஷின் (கனமான டிசைன் வேலைக்கு வாங்கிய பெரிய கம்ப்யூட்டர், அதாவது ஒர்க்ஸ்டேஷன்) சும்மா இருக்கும்போது வேலை ஏன் நிற்கிறது?

விடை அந்த 4 சதவீதத்திலேயே இருக்கிறது. 12 கோர் (கணக்குப் போடும் பகுதி), 24 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால், மொத்தக் கணக்கில் அது 24-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 சதவீதம். ஒருவர் மூட்டை தூக்குகிறார், 23 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த வேலைக்கு 64 கோர் பிராசசர் வாங்கிப் போட்டாலும் வேகம் கூடாது. கோர் கூடக் கூட ஒவ்வொரு கோரின் கிளாக் வேகம் குறைவாக இருக்கும் என்பதால், பழைய மெஷினைவிட மெதுவாகவும் போகலாம்.

கோவையிலும் திருப்பூரிலும் லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய மெஷின்கள் பாதித் திறனில் ஓடுவதற்கு முதல் காரணம் இதுதான். மெஷின் எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

எங்கே முட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

வழக்கமாகச் செய்யும் வேலைகளில் மிகக் கனமானதை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். பிராசசர் வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்றால் அது ஒற்றைக் கோர் வேலை. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் அதிகக் கோர் உதவும். விண்டோஸ் வேலையைக் கோர்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுப்பதால், ஒற்றைக் கோர் வேலை சில நேரம் இரண்டு மூன்று கட்டங்களில் துள்ளித் துள்ளித் தெரியும். அதையும் ஒற்றைக் கோர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெமரி. ராம் 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரத்தில் டிஸ்க் வரைபடமும் எகிறினால், ராமில் இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது என்று பொருள். போட்டோஷாப்பில் இதற்குத் தனி அடையாளமே உண்டு: அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பட்டையில் எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுங்கள். அது 100-க்குக் கீழே இறங்கினால் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் (ராம் போதாதபோது எடுத்துக்கொள்ளும் டிஸ்க் இடத்தில்) வேலை நடக்கிறது.

கிராபிக்ஸ் கார்டில் பார்க்க வேண்டியது டெடிகேட்டட் மெமரி, அதாவது கார்டின் சொந்த மெமரி. 12 ஜிபி கார்டில் அது நிரம்பி ஷேர்டு மெமரி (ராமிலிருந்து கடன் வாங்குவது) ஏறத் தொடங்கினால், ரெண்டர் (மாடலைப் படமாக்கும் வேலை) வேகம் பல மடங்கு விழும், அல்லது ரெண்டர் பாதியில் நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: கார்டில் ரெண்டர் ஓடும்போதும் டாஸ்க் மேனேஜரின் 3டி வரைபடம் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டலாம். அதை நம்பி "கார்டு வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளில் லோட் எவ்வளவு என்று பாருங்கள்.

கடைசியாகச் சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, முழுச் சுமையில் அரை மணி நேரம் கழித்து கிளாக் வேகத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெஷின் புதிதாக வந்த வாரமே இந்த எண்களை ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒரு வருடம் கழித்து "மெஷின் ஸ்லோ ஆயிருச்சு" என்ற பேச்சு வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

சாலிட்வொர்க்ஸ் (3டி டிசைன்), கேம் (CAM, சிஎன்சிக்கு புரோகிராம் போடுவது) வேலைக்கு

மாடலிங்கும் ரீபில்டும் (அளவை மாற்றியதும் மாடலை மறுபடி கட்டுவது) பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலைகள். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் 8 முதல் 16 கோர் பிராசசரும், 32 அல்லது 64 ஜிபி ராமும், மென்பொருள் நிறுவனம் சான்றளித்த கிராபிக்ஸ் கார்டும் போதும். கேமிங் கார்டு போட்டால் மாடல் சுழலும், ஆனால் ரியல்வியூ (மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் வசதி) வராது, கோடுகள் உடைந்து தெரிவது போன்ற தொல்லைகளும் வரலாம்.

பொருள் வாங்கும் முன் ஃபைலைச் சரிசெய்யுங்கள். எவாலுவேட் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷனைத் திறந்தால், பார்ட்டில் எந்த ஃபீச்சர் எத்தனை நொடி எடுக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். வால்வு, பம்பு அசெம்ப்ளிகளில் பெரும்பாலும் மாட்டுவது மூன்று: போல்ட்டுகளில் நிஜமாகவே சுருள் வெட்டி வரைந்த மரை, காஸ்டிங் மேல் புடைப்பாக எழுதிய கம்பெனிப் பெயர், தேவையில்லாமல் கடைசி வரை தள்ளிவைத்த இமேஜ் குவாலிட்டி. மரையை காஸ்மெட்டிக் த்ரெட்டாக மாற்றுங்கள். எழுத்துக்கும் நுண்ணிய ஃபில்லெட்டுகளுக்கும் (உருட்டிய விளிம்புகள்) தனி கான்ஃபிகரேஷன் வைத்து, அசெம்ப்ளியில் அவற்றை சப்ரெஸ் செய்யுங்கள் (அணைத்து வையுங்கள்). ஃபைலை சர்வரிலிருந்தே நேராகத் திறந்து வேலை செய்யும் பழக்கமும் வேண்டாம். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் அதிகபட்சம் நொடிக்கு 110 எம்பி போல வரும். மெஷினுக்குள் இருக்கும் என்விஎம்இ டிஸ்க் அதைப் போல 30 முதல் 60 மடங்கு ஓடும். ஃபைலை உள்ளே எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வையுங்கள்.

சிமுலேஷன்: இங்கேதான் பெரிய மெஷினுக்கு வேலை

பம்புக்குள் தண்ணீர் ஓட்டம், காஸ்டிங்கில் உலோகம் உறையும் விதம் என்று கணக்குப் போடும் வேலைகளில், கோரின் எண்ணிக்கையைவிட ராமிலிருந்து தரவு எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதே வேகத்தை முடிவு செய்கிறது. சாதாரண டெஸ்க்டாப்பில் 2 மெமரி சேனல்கள் (ராமிலிருந்து பிராசசருக்குத் தரவு வரும் பாதைகள்). டிடிஆர்5 5600 ராம் போட்டால் நொடிக்கு சுமார் 90 ஜிபி. ஏஎம்டியின் ஒர்க்ஸ்டேஷன் பிராசசரான த்ரெட்ரிப்பர் ப்ரோ 7000 வரிசையில் 8 சேனல்கள், 5200 ராமில் 330 ஜிபிக்கு மேல். 2 சேனல் மெஷினில் திரவ ஓட்டக் கணக்கை 16 கோரில் ஓட்டினாலும் 8 கோரில் ஓட்டினாலும் நேரம் பெரிதாக மாறாததற்குக் காரணம் இதுவே.

8 சேனல் மெஷின் வாங்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 128 ஜிபி என்று ஆர்டர் கொடுப்பார்கள், கடையில் 64 ஜிபி ஸ்டிக் இரண்டைப் போட்டு அனுப்புவார்கள். அப்போது ஓடுவது 2 சேனல் மட்டும். கொடுத்த பணத்தில் முக்கால் பங்கு மெமரி வேகம் வீண். கேட்கும்போதே "8 சேனல் போர்டுங்ணா, 16 ஜிபி ஸ்டிக்கா எட்டு போட்டுக் குடுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்த போர்டுகளுக்கு ரெஜிஸ்டர்டு ராம் வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் ராம் ஓடாது.

இந்த மெஷின்களில் இசிசி (பிழை திருத்தும்) ராம் வாங்குவது சரியான செலவு. ஒரு பிட் பிழை வந்தால் தானே திருத்திவிடும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். 20 மணி நேரம் ஓடிய கணக்கின் முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்றால் இது தேவை.

ராம் அளவுக்கு ஒரு கைக்கணக்கு: திரவ ஓட்டக் கணக்கில் 10 லட்சம் செல்லுக்கு (கணக்குக்காக மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) 2 ஜிபி என்று வையுங்கள். 2 கோடி செல் என்றால் 40 ஜிபி, விண்டோஸுக்கும் மெஷ் போடுவதற்கும் சேர்த்து 64. ஸ்ட்ரக்சரல் (உறுதி பார்க்கும்) கணக்கில் டைரக்ட் சால்வர் (சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும் முறை) ராமுக்குள் அடங்காவிட்டால் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். ஒரு மணி நேர வேலை ஒரு நாளாகிவிடும். சால்வரில் கோர் எண்ணிக்கை கொடுக்கும்போது த்ரெட் எண்ணிக்கையைக் கொடுக்காமல் நிஜக் கோர் எண்ணிக்கையைக் கொடுங்கள். உங்கள் லைசென்ஸ் எத்தனை கோருக்கு அனுமதிக்கிறது என்பதை மெஷின் வாங்கும் முன்பே பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ராம், அதிலும் பெரிய அளவு என்றால், போர்டு அதைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து ஆஃப் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். 10, 15 நிமிடம் பொறுங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் போர்டில் 4 ஸ்டிக் போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. ரைசன் 7000 வரிசையில் 2 ஸ்டிக்குக்கு 5200 வேகம் என்றால், இருபக்கச் சிப் உள்ள 4 ஸ்டிக் போட்டதும் அதிகாரப்பூர்வ வேகம் 3600 ஆகக் குறைகிறது. 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள்.

திருப்பூர், கரூர் பிரிண்ட் டிசைனுக்கு

ரோட்டரி பிரிண்டிங் ரிபீட் (டிசைன் திரும்பத் திரும்ப வரும் நீளம்) 64 செ.மீ., துணி அகலம் 160 செ.மீ. இதை 300 டிபிஐயில் போட்டால் 7559-க்கு 18898 பிக்சல். சிஎம்ஒய்கே (நான்கு நிற அச்சு முறை), 8 பிட் என்றால் ஒரு லேயருக்கு மட்டும் சுமார் 570 எம்பி. 16 பிட் என்றால் இரண்டு மடங்கு. 12 லேயர், அதோடு ஹிஸ்டரி. 32 ஜிபி ராம் ஏன் திணறுகிறது என்று இப்போது விளங்கும். 64 ஜிபி போடுங்கள். ஹிஸ்டரி ஸ்டேட்டை 50-லிருந்து 20-க்குக் குறையுங்கள். போட்டோஷாப்புக்கு ராமில் 80 சதவீதத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஸ்கிராட்ச்சுக்குத் தனி என்விஎம்இ டிஸ்க் கொடுங்கள். பிஎஸ்டி 2 ஜிபிக்கு மேல் சேமிக்காது, பிஎஸ்பி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழு அகலத்துக்கும் வரைய வேண்டிய அவசியம் பல டிசைன்களில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ரிபீட்டை மட்டும் வரைந்து, பரப்பும் வேலையை ரிப் மென்பொருளிடம் (டிசைனை அச்சுக்குத் தயார் செய்யும் மென்பொருள்) விடுங்கள்.

நிறத்துக்கு மானிட்டரைக் காலிப்ரேட் செய்யும் கருவி ஒன்று வாங்குங்கள். மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் சூடாக விட்டு, டி65 வெண்மை, சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா வெளிச்சம் என்று அமைத்து, மாதம் ஒருமுறை அளக்கலாம். விண்டோஸ் நைட் லைட் எப்போதும் ஆஃப். ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. இவ்வளவு செய்தாலும் பையர் (ஆர்டர் கொடுப்பவர்) ஒப்புக்கொள்வது லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டி) வைத்த துணியைத்தான். மானிட்டர் சரியாக இருந்தால் ஸ்டிரைக்-ஆஃப் (மாதிரி அச்சு) போடும் எண்ணிக்கை குறையும், அவ்வளவே.

எம்பிராய்டரி பஞ்சிங், பேட்டர்ன் மேக்கிங், இளம்பிள்ளைச் சேலைகளுக்கான ஜக்கார்டு டிசைன் ஆகியவற்றுக்கு ஒர்க்ஸ்டேஷனே வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள நடுத்தர மெஷினும் நல்ல மானிட்டரும் போதும். மிச்சப் பணத்தை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் ஒரே ஒரு விஷயம். கேமரா எச்.265, 10 பிட், 4:2:2 வடிவில் எழுதினால், அதைப் பிரித்துக் காட்டும் வசதி 11-ம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸிலும், என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4090-இல்கூடக் கிடையாது. பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள்ளடங்கிய கிராபிக்ஸே இருக்காது. இருக்கிற மாடலிலும், தனிக் கார்டு போட்டதும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அதை அணைத்திருக்கலாம். உள்ளே போய் ஆன் செய்யுங்கள். இரண்டுமே இல்லையென்றால் பிராக்ஸி (எடிட்டுக்காக எடுக்கும் சிறிய நகல்) போட்டு எடிட் செய்வதுதான் வழி.

பஞ்சு, மணல், எண்ணெய்

வெளியூர் வழிகாட்டிகள் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டுங்கள்" என்று சொல்லும். பனியன் கம்பெனியில் ஆறு வாரமே அதிகம். பஞ்சுத்தூசு மண்தூசு மாதிரி உதிராது. ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல அடைந்து, காற்றை முழுவதுமாகத் தடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகவே சுற்றும், உள்ளே 95 டிகிரி.

நிட்டிங், கட்டிங் நடக்கும் கூடத்துக்குள் மெஷினை வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வையுங்கள், பஞ்சு கீழேதான் அதிகம் சேரும். காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிட அதிகமாக இருக்கட்டும்: முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அப்போது கேபினட்டுக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடி, இடுக்குகள் வழியாகத் தூசு நுழையாது, வருவதெல்லாம் ஃபில்டர் வழியாகவே வரும். அந்த ஃபில்டரை ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இரண்டு செட் வைத்துக்கொண்டால் காயும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பவுண்டரித் தூசு வேறு வகை. மணலோடு கரியும் இரும்புப் பொடியும் கலந்தது, மின்சாரம் கடத்தக்கூடியது. போர்டின் மேல் படிந்து ஈரம் சேர்ந்தால் ஷார்ட் ஆகும். கணபதி, அரசூர் பக்கத்துப் பவுண்டரிகளில் டிசைன் அறையை மோல்டிங் பகுதியிலிருந்து தள்ளி, கதவு தானாக மூடும்படி, ஏசி போட்டு வைப்பதே சரி. சிஎன்சி ஷெட்டில் கூலன்ட் எண்ணெய்ப் புகை படிந்த தூசு பசை மாதிரி ஒட்டும். அது ஊதினால் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்.

பட்டறை கம்ப்ரசர் குழாயைக் கொண்டுவந்து ஊதுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், 6 பார் அழுத்தம் ஃபேன் இறக்கைகளை உடைக்கும். கையில் பிடிக்கும் எலக்ட்ரிக் புளோயரும் பெயின்ட் பிரஷ்ஷும் போதும். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டுவிட்டு ஊதினால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

சூட்டுக்கு ஒரு கணக்கு. முழுச் சுமையில் 900 வாட் எடுக்கும் மெஷின் அந்த 900 வாட்டையும் அறைக்குள் சூடாகவே விடும். ஒரு டன் ஏசி அகற்றுவது சுமார் 3500 வாட். ஒரு மெஷினுக்குக் கால் டன் வைத்து, ஆட்களையும் வெயிலையும் தனியாகச் சேருங்கள். கோவையின் காற்றை நம்பி ஈரோட்டிலோ கரூரிலோ சித்திரை மாதத்தில் ஏசி இல்லாமல் ஓட்ட முடியாது.

கரண்ட்

இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் வகையிலேயே பெரும்பாலும் வருகின்றன, ஆகவே கொஞ்சம் ஏற்ற இறக்கம் பிரச்சினை இல்லை. ஆபத்து நியூட்ரல் கட் ஆவதில். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், உங்கள் 230 வோல்ட் பிளக்கில் 400 வரை வந்துவிடும். மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜில் தானாகத் துண்டிக்கும் ரிலே போடச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீசியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் 1000 விஏ சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் கொடுக்கும். சாதாரண வேலையில் ஓடும், ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் மெஷினும் சேர்ந்து அணையும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை என்றால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் பல நேரம் அதோடு ஒத்துப்போகாது. 900 வாட் மெஷினுக்கு 2 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ், சைன் அலை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு இருந்தால் முழுச் சுமையில் கால் மணி நேரம் போலத் தாங்கும். யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை மெஷினில் இணைத்து, பேட்டரி குறைந்தால் தானாகச் சேமித்து அணையும்படி அமையுங்கள். இந்த கேபிள் பல அலுவலகங்களில் பிரிக்கப்படாமல் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது. யூபிஎஸ்ஸையும் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் பாதியாகும்.

கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி விழும்போது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இழுத்த லேன் கேபிள் வழியாகவே பல போர்டுகள் போகின்றன. அந்த இணைப்பை ஃபைபராக மாற்றுங்கள்.

ராத்திரி ஷிப்ட்

பெரிய மெஷின் பகலில் மாடலிங், ராத்திரியில் ரெண்டரோ சிமுலேஷனோ என்று இரண்டு ஷிப்ட் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். அதற்கு முன் ஸ்லீப்பை முழுவதுமாக அணையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை அந்த வாரத்துக்கு நிறுத்திவையுங்கள், 5 வாரம் வரை அனுமதி உண்டு. அனிமேஷனை நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யாமல் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக விழும்படி வையுங்கள். 700-வது ஃபிரேமில் நின்றால் 701-லிருந்து தொடரலாம். எம்பி4 என்றால் அத்தனையும் போச்சு. மறுநாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று முதல்நாளே பேப்பரில் பார்த்து, காலை 8 மணிக்குள் முடியும் வேலையை மட்டும் போடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 450 வாட் கார்டு 320 வாட்டில் ஓடினாலும் வேகம் பெரும்பாலான ரெண்டர்களில் பத்தில் ஒரு பங்கு கூடக் குறையாது. சூடும் சத்தமும் நன்றாகக் குறையும். அந்தக் கார்டின் 16 பின் பவர் கேபிள் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரிலிருந்து மூன்றரை செ.மீ. வரை வளைக்கக் கூடாது. சரியாக உட்காராத கனெக்டர் உருகும்.

ராத்திரி காரணமில்லாமல் மெஷின் விழுந்தால், முதலில் ராம் வேகத்தை எக்ஸ்எம்பியிலிருந்து (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) சாதாரண வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். இன்டெல் 13, 14-ம் தலைமுறைப் பிராசசர் என்றால் 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதிக வோல்டேஜால் பிராசசர் தேயும் குறையை அந்த அப்டேட்டுகள் தடுக்கின்றன. ஏற்கனவே தேய்ந்ததை மீட்காது, வாரண்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

காலையில் முடிந்த ஃபைல்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று ஆபீஸுக்குள் இருக்கும் நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி), இன்னொன்று வெளி டிஸ்க்கில். வெளி டிஸ்க்கை நகல் முடிந்ததும் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். மாட்டியபடியே இருந்தால் ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது) போட்டிருப்பது பேக்கப் ஆகாது, ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க மட்டுமே அது. மாதக் கடைசியில் வெளி டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய ஆர்டரின் ஃபைலை எடுத்து, வேறொரு மெஷினில் முழுவதுமாகத் திறந்து பாருங்கள். அசெம்ப்ளி என்றால் எல்லாப் பார்ட்டும் வருகிறதா, டிசைன் என்றால் எல்லா லேயரும் இருக்கிறதா என்று பார்த்து, தேதியை டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடுங்கள்.